35 புள்ளி ஏன் போதவில்லை: 2019-20 பிரீமியர்ஷிப் ரக்பி சீசன், ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி யூனியன் லீக்கான பிரீமியர்ஷிப்பின் 2019-20 சீசன் 2019 அக்டோபர் 18-இல் தொடங்கி 2020 அக்டோபர் 24-இல் முடிந்தது. ஒரு சீசனுக்கு ஓராண்டும் ஆறு நாளும். உலகக் கோப்பையால் தாமதமாகத் தொடங்கி, கொரோனாவால் ஐந்து மாதம் நின்று, பிறகு சில வாரங்களில் இரண்டு ஆட்டம் என்ற வேகத்தில் ஓடி முடிந்தது. நடப்புச் சாம்பியனான சாரசென்ஸ் அதே சீசனில் இரண்டாம் நிலை லீக்குக்குத் தரமிறக்கப்பட்டது. எக்ஸெட்டர் சீஃப்ஸ் உள்நாட்டுப் பட்டத்தையும் ஐரோப்பியக் கோப்பையையும் ஏழு நாள் இடைவெளியில் வென்றது.

கொரோனாக் கதை எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது. இந்தச் சீசனைத் தனித்து நிறுத்துவது சாரசென்ஸ் விவகாரம்தான். சம்பள உச்சவரம்பை மீறிய கிளப்புக்கு விதி அனுமதித்த மிகப் பெரிய தண்டனை கொடுக்கப்பட்டது. அது வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்பதைப் புள்ளிக் கணக்கோடு பார்ப்பதே இந்த ஆய்வு.

லீக்கின் அமைப்பு

அந்தச் சீசனில் 12 கிளப். ஒவ்வொன்றும் மற்ற 11 கிளப்புகளுடன் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என 22 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2. நான்கு அல்லது அதற்கு மேல் டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) அடித்தால், வென்றாலும் தோற்றாலும், 1 போனஸ் புள்ளி. ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றாலும் 1 போனஸ். ஆக ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 5. சீசன் முழுதும் 110. முதல் நான்கு இடத்தில் வருவோருக்கு அரையிறுதி, பிறகு லண்டனின் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் இறுதி. கடைசி இடத்தில் வருவோருக்குத் தரமிறக்கம்.

110 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

உச்சவரம்பில் எது எண்ணப்படும்

2019-20 நிலவரப்படி ஒரு கிளப் தன் மூத்த வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகை 70 லட்சம் பவுண்டு. இதில் அடிப்படை வரம்பு 64 லட்சம். சொந்த அகாடமியில் வளர்ந்த வீரர்களுக்கான சலுகையாக 6 லட்சம் வரை கூடும். இதற்கு வெளியே இரண்டு வீரர்களைக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். அந்த இருவருக்கும் எவ்வளவு கொடுத்தாலும் கேள்வி இல்லை. கையில் பணமுள்ள கிளப்புகள் தங்கள் இரண்டு விலை உயர்ந்த நட்சத்திரங்களை அந்த இடத்தில்தான் நிறுத்தும்.

சம்பளம் என்றால் மாதச் சம்பளம் மட்டுமல்ல. போனஸ், வீட்டு வசதி, கடன், படப் பயன்பாட்டு உரிமைக்கான (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமை) தொகை என்று வீரர் கிளப்பிடமிருந்து பெறும் எல்லாம் சேரும். முக்கியமானது அடுத்த வரி: கிளப்போடு தொடர்புடைய நபர் கொடுத்தாலும் கிளப் கொடுத்ததாகவே எண்ணப்படும். உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ தம் சொந்தப் பணத்திலிருந்து ஒரு வீரருக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும். இந்த வரி இல்லாவிட்டால் உச்சவரம்பே வெறும் காகிதம். பத்துப் பேரின் சம்பளத்தை உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டுப் போய்விடலாம்.

சாரசென்ஸ் சிக்கியது இந்த வரியில்தான். அதன் தலைவராக இருந்த நைஜல் ரே சில வீரர்களோடு சேர்ந்து கூட்டு நிறுவனங்களில் முதலீடு செய்திருந்தார். பெரும்பாலும் வீடு, சொத்து சார்ந்தவை. 2019 மார்ச்சில் இது பத்திரிகைச் செய்தியானது. கிளப் தரப்பின் வாதம், இவை முதலீடுகள், சம்பளம் அல்ல. வீரர்கள் ஓய்வு பெற்ற பின் வாழ வழி செய்கிறோம் என்பது. கேட்க நல்ல வாதம். ஆனால் வீரர் தன் பங்கைத் தன் பணத்தில் போடாமல், தொடர்புடைய நபரின் பணத்தில் பெறும்போது அந்தப் பங்கின் மதிப்பு அவருக்குக் கிடைத்த வருமானமே. சொத்து என்ற உருவத்தில் வந்ததால் அது சம்பளம் இல்லை என்று ஆகிவிடாது.

படப் பயன்பாட்டு உரிமை விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு நட்சத்திர வீரரின் பட உரிமை நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கை, கிளப்போடு தொடர்புடையவர்கள் 16 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். மதிப்பீட்டு அறிக்கையும் கையில் இருந்தது. விசாரணைக் குழு அந்தப் பங்கின் நியாயமான மதிப்பைத் தனியாகப் பார்த்து, கொடுத்த தொகையில் பாதி, அதாவது 8 லட்சம், மிகை என்று முடிவு செய்தது. அந்த மிகை மட்டும் சம்பளக் கணக்கில் ஏறியது. நியாயமான விலைக்கு வாங்கியிருந்தால் பிரச்சினை எழுந்திருக்காது. பங்கை வாங்கியது தவறல்ல, விலைதான் தவறு என்ற இந்தப் பிரிப்பு கவனிக்கத்தக்கது.

தீர்ப்பு

டைசன் பிரபு தலைமையிலான மூவர் குழு விசாரித்தது. முடிவு 2019 நவம்பர் 5-இல் வெளியானது. யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து தென் ஆப்பிரிக்காவிடம் 32-12 எனத் தோற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த இறுதியில் முதலில் களமிறங்கிய இங்கிலாந்து 15 பேரில் ஆறு பேர் சாரசென்ஸ் வீரர்கள்.

வரம்பு மீறல் மூன்று சீசனில்: 2016-17-இல் 11,34,968.60 பவுண்டு, 2017-18-இல் 98,448.77, 2018-19-இல் 9,06,505.57. கூட்டினால் 21 லட்சத்து 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அபராதம் 53,60,272.31 பவுண்டு, அதாவது மீறியதைப் போல் இரண்டரை மடங்கு. கூடவே 35 புள்ளிக் கழிப்பு.

இந்த மூன்றில் பிந்தைய இரண்டு சீசனிலும் சாரசென்ஸ் பிரீமியர்ஷிப் பட்டம் வென்றது. மூன்றில் இரண்டில், 2017-இலும் 2019-இலும், ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. மீறல் மிகக் குறைவாக இருந்த 2017-18-இலும் பட்டம் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணத்துக்கும் கோப்பைக்கும் நேர்கோடு போட்டுக் காட்டுவோர் இந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓர் ஆண்டு மிகைச் செலவில் கட்டிய அணி அடுத்த ஆண்டும் அதே அணிதான் என்பதே நம் பதில்.

உச்சவரம்பே போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று கிளப் வாதிட்டது. குழு ஏற்கவில்லை. அதே சமயம், திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்றும் குழு சொல்லவில்லை. பொறுப்பற்ற போக்கு என்றது. லீக்கில் உச்சவரம்பு மேலாளர் என்றே ஒரு பதவி அப்போது இருந்தது. சந்தேகமான ஏற்பாடு எதுவானாலும் முன்கூட்டியே அவரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியிருக்கலாம். அந்தப் படியைத் தாண்டிப் போனதுதான் கிளப்புக்கு வினையானது.

35-இன் கணக்கு

ஒரு சீசனில் உச்சவரம்பு மீறலுக்காகக் கழிக்கக்கூடிய புள்ளி அதிகபட்சம் 35 என்பது அப்போதைய விதி. மூன்று ஆண்டு மீறலையும் ஒரே சீசனில் தண்டித்தபோதும் அந்த வரம்பைத் தாண்ட முடியவில்லை. மூன்று குற்றத்துக்கும் சேர்த்து ஒரு தண்டனை.

35 பெரிய எண்ணாகத் தெரியும். முந்தைய சீசன் பட்டியலில் வைத்துப் பாருங்கள். 2018-19-இல் எக்ஸெட்டர் 86 புள்ளியுடன் முதலிடம், சாரசென்ஸ் 78 புள்ளியுடன் இரண்டாமிடம், கடைசியில் வந்து தரமிறங்கிய நியூகாசில் 31. சாரசென்ஸின் 78-இலிருந்து 35-ஐக் கழித்தால் 43. நியூகாசிலைவிட 12 புள்ளி மேலே. ஆக வலுவான ஓர் அணிக்கு 35 புள்ளிக் கழிப்பு என்றால் அரையிறுதி வாய்ப்பு போகும், ஐரோப்பியப் போட்டிக்கான இடம் போகும். லீக்கில் உள்ள இடம் போகாது.

நடந்ததும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தீர்ப்பு வந்தபோது மூன்று சுற்று முடிந்திருந்தது. சாரசென்ஸ் மைனஸ் 26-க்கு இறங்கியது. எட்டுச் சுற்று முடிந்த ஜனவரி நடுவில் மைனஸ் 7-க்கு ஏறிவிட்டது. அதாவது களத்தில் எட்டு ஆட்டத்தில் 28 புள்ளி, ஆட்டத்துக்கு 3.5. அதற்கு மேலே 11-ஆம் இடத்தில் லெஸ்டர் டைகர்ஸ் 18 புள்ளி முன்னால் நின்றது: எட்டு ஆட்டத்தில் 11. மீதம் 14 ஆட்டம். இரு அணிகளும் அதே வேகத்தில் போயிருந்தால் சாரசென்ஸ் 42-க்கு வந்திருக்கும், லெஸ்டர் 30 அளவில் நின்றிருக்கும். அதுவரை பத்து முறை சாம்பியனான லெஸ்டர் தரமிறங்கியிருக்கும். மூன்று ஆண்டு விதி மீறிய கிளப் தப்பியிருக்கும்.

இந்தக் கணக்கு மற்ற 11 கிளப்புகளுக்கும் தெரியும். ஜனவரியில் நடந்ததை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஜனவரி 2020

முதல் வாரத்திலேயே நைஜல் ரே தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் நடப்புச் சீசனில் இருந்தது. பழைய மீறலுக்கான தண்டனை கிடைத்த பின்னும் அணி அதே அணி, ஒப்பந்தங்கள் அதே ஒப்பந்தங்கள். 2019-20 கணக்கும் வரம்புக்குள் வரவில்லை. சீசன் நடுவில் சம்பளப் பட்டியலைக் குறைக்க வேண்டுமென்றால் வீரர்களை வெளியே அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் உள்ள வீரரை அவர் சம்மதமின்றி அனுப்ப முடியாது. எடுக்கும் கிளப்புக்கும் தன் உச்சவரம்பில் இடம் இருக்க வேண்டும். ஜனவரியில் அப்படி இடம் வைத்திருக்கும் கிளப் அபூர்வம்.

லீக் இரண்டு வழி வைத்தது. கணக்கு முழுவதையும் தணிக்கைக்குத் திறந்து காட்டி வரம்புக்குள் இருப்பதை நிரூபிக்க வேண்டும், அல்லது தரமிறக்கத்தை ஏற்க வேண்டும். ஜனவரி 18-இல் தரமிறக்கம் அறிவிக்கப்பட்டது. ஜனவரி 28-இல் மேலும் 70 புள்ளி கழிக்கப்பட்டது. மொத்தம் 105.

இப்போது 110-க்கு வருவோம். 22 ஆட்டத்தையும் போனஸோடு வென்றாலும் 105 கழித்தால் மிஞ்சுவது 5. தரமிறக்கம் என்று விதியில் தண்டனை இல்லாததால், தரமிறக்கத்துக்குச் சமமான எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். விதிப்புத்தகத்தின் ஓட்டையைக் கூட்டல் கழித்தலால் அடைத்த வேலை இது. நம் பார்வையில் விளைவு நியாயமானது, வழி அசிங்கமானது. ஒழுங்கு விதி என்றால் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இங்கே நெருக்கடி வந்த பிறகு பேசி முடித்தார்கள்.

தரமிறக்க அறிவிப்பு வந்த மறுநாள், ஜனவரி 19-இல், சாரசென்ஸ் ஐரோப்பியக் கோப்பையில் பாரிஸின் ராசிங் 92 அணியை எதிர்கொண்டது. வில் ஸ்கெல்டன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். 14 பேருடன் ஆடி 27-24 என வென்று காலிறுதிக்குப் போனது. என்ன திட்டினாலும் அந்த அணியின் தரத்தைக் குறை சொல்ல இடமில்லை.

அதன் பிறகு வீரர்கள் கலைந்தார்கள். லியம் வில்லியம்ஸ் ஸ்கார்லெட்ஸுக்குப் போனார். அடுத்த சீசனுக்கு ஸ்கெல்டன் லா ரோஷெலுக்கு, ஜார்ஜ் க்ரூயிஸ் ஜப்பானுக்கு. பென் எர்ல், மேக்ஸ் மாலின்ஸ் பிரிஸ்டலுக்கும் நிக் இசிக்வே நார்தாம்ப்டனுக்கும் ஓராண்டுக் கடனாகச் சென்றார்கள். இங்கிலாந்து அணி வீரர்களான ஓவன் ஃபாரல், மாரோ இடோஜே, ஜேமி ஜார்ஜ், வுனிபோலா சகோதரர்கள், எலியட் டேலி ஆகியோர் தங்கினார்கள்.

நின்றதும் திரும்பத் தொடங்கியதும்

13 சுற்று முடிந்த நிலையில் மார்ச் 16-இல் லீக் நிறுத்தப்பட்டது. டிக்கெட் வருமானம் அறுந்ததும் கிளப்புகள் வீரர்கள் சம்பளத்தில் 25 சதவீதம் வெட்டின. ஜூனில் உச்சவரம்பையே குறைக்க முடிவெடுத்தார்கள்: 2021-22 முதல் அடிப்படை வரம்பு 50 லட்சம், கணக்குக்கு வெளியே வைக்கும் வீரர் இருவருக்குப் பதில் ஒருவர். ஆனால் ஜூன் 18-க்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் புதிய வரம்பில் 75 சதவீதம் மட்டுமே எண்ணப்படும் என்று ஒரு சலுகை. அந்தத் தேதிக்குள் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டால் கிளப்புக்கு லாபம் என்பதால் எல்லோரும் அவசரப்பட்டார்கள். சம்பள வெட்டை நிரந்தரமாக ஏற்க மறுத்து மானு டுய்லாகி உள்ளிட்ட சிலர் லெஸ்டரை விட்டு வெளியேறினார்கள்; டுய்லாகி சேல் ஷார்க்ஸில் சேர்ந்தார்.

ஆகஸ்ட் 14-இல் ஹார்லெக்வின்ஸ் சேலை 16-10 என வென்ற ஆட்டத்தோடு லீக் மீண்டும் தொடங்கியது. ஒன்பது சுற்றை ஏழு வாரத்தில் முடிக்க வேண்டும். மோதல் நிறைந்த இந்த விளையாட்டில் ஓர் ஆட்டத்துக்குப் பின் உடல் தேற ஐந்தாறு நாள் தேவை. எனவே கிளப்புகள் வார இறுதிக்கு ஓர் அணி, வார நடுவுக்கு ஓர் அணி என்று பிரித்தன. எந்த எதிரணி எந்த நாளில் வருகிறது என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் எடை மாறியது. பட்டியலின் நேர்மை இங்கே கொஞ்சம் தளர்ந்தது. இழக்க ஏதுமில்லாத சாரசென்ஸுக்கு ஐரோப்பியக் கோப்பைதான் இலக்கு. காலிறுதியில் டப்ளினில் லைன்ஸ்டரை 25-17 என வீழ்த்தி, அரையிறுதியில் ராசிங்கிடம் 19-15 எனத் தோற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் வாஸ்ப்ஸ் அணிக்கெதிராக எதிராளியைத் தலைப்பகுதியில் தடுத்ததற்கு ஐந்து ஆட்டத் தடை பெற்ற ஃபாரல் இரண்டிலும் இல்லை.

கடைசிச் சுற்று

அக்டோபர் 4 ஞாயிற்றுக்கிழமை ஆறு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான்கு மட்டுமே நடந்தன.

சேல் ஷார்க்ஸில் தொற்று பரவி, வீரர்களும் ஊழியர்களுமாக 27 பேருக்கு உறுதியானது. வூஸ்டருக்கு எதிரான அதன் ஆட்டத்தை முதலில் அக்டோபர் 7-க்குத் தள்ளிவைத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். வூஸ்டருக்கு 20-0 வெற்றி என்று பதிவானது. வென்றால் முதல் நான்கில் நுழையும் வாய்ப்பிருந்த சேல் இப்படி வெளியேறியது. சாரசென்ஸுடன் 17-17 எனச் சமன் செய்திருந்த பாத் அரையிறுதிக்குப் போனது.

குளோஸ்டர்-நார்தாம்ப்டன் ஆட்டம் நின்றதற்கான காரணம் ரக்பிக்கே உரியது. சில நாள் முன்புதான் நார்தாம்ப்டன் சேலுடன் ஆடியிருந்தது. ஸ்க்ரமில் முன்வரிசை மூவரும் எதிரணி மூவருடன் தலைக்குத் தலை பூட்டி, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்பார்கள். தொடர்புத் தடமறிதலில் முதலில் சிக்குவது அவர்களே. நார்தாம்ப்டனின் முன்வரிசை வீரர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். ஆட்டத்துக்கான 23 பேரில் முன்வரிசைக்கு ஆறு பேர், இடது ப்ராப், ஹூக்கர், வலது ப்ராப் என ஒவ்வோர் இடத்துக்கும் இருவராக, பயிற்சி பெற்றவர்களாக இருந்தாக வேண்டும். வேறு இடத்தில் ஆடுபவரை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியும் ஆபத்து உண்டு. பின்வரிசையில் எத்தனை பேர் நலமாக இருந்தும் பயனில்லை. குளோஸ்டருக்கும் 20-0.

எக்ஸெட்டரின் கணக்கு

இந்தக் குழப்பத்தை நிதானமாகக் கையாண்டது எக்ஸெட்டர். 74 புள்ளியுடன் முதலிடத்தை முன்பே உறுதிசெய்துகொண்டதால், கடைசிச் சுற்றில் வாஸ்ப்ஸிடம் 46-5 எனத் தோற்றதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே ஆடியது முதன்மை அணி அல்ல. முதன்மை அணி அக்டோபர் 10-இல் பாத்தை 35-6 என அரையிறுதியில் நசுக்கியது. 17-இல் பிரிஸ்டலில் ராசிங் 92-ஐ 31-27 என வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. 24-இல், ஆளில்லாத டுவிக்கன்ஹாமில், வாஸ்ப்ஸை 19-13 என வீழ்த்தியது. ஹென்றி ஸ்லேடின் ஒரு டிரை, மீதியெல்லாம் ஜோ சிம்மண்ட்ஸ் உதைத்துப் பெற்ற புள்ளிகள். அந்த இறுதி நடக்குமா என்பதே மூன்று நாள் முன்புவரை சந்தேகம். வாஸ்ப்ஸ் முகாமில் தொற்று கண்டதால், அரையிறுதியில் அதனிடம் 47-24 எனத் தோற்ற பிரிஸ்டலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

2016, 2018, 2019 ஆகிய மூன்று இறுதியிலும் எக்ஸெட்டர் தோற்றது சாரசென்ஸிடம். பிந்தைய இரண்டும் மீறல் நடந்த ஆண்டுகள். 2019-இல் வித்தியாசம் மூன்றே புள்ளி, 37-34. எக்ஸெட்டர் தலைவர் டோனி ரோ கொதித்ததில் வியப்பில்லை. அந்தப் பட்டங்கள் எக்ஸெட்டருக்கு மாற்றித் தரப்படவும் இல்லை, சாரசென்ஸிடமிருந்து எடுக்கப்படவும் இல்லை. அதற்கான அதிகாரம் அப்போதைய விதியில் இல்லை.

மாற்றப்பட்டவை

உச்சவரம்பு விதிகள் குறித்த மைனர்ஸ் பிரபுவின் மறுஆய்வு 2020 மே மாதம் 52 பரிந்துரைகளுடன் வந்தது. பட்டத்தைப் பறிக்கும் அதிகாரம், ஒழுங்கு முடிவுகளை வெளியிடும் கட்டாயம், கணக்குகளைத் திறந்து பார்க்கும் விரிவான அதிகாரம் ஆகியவை அதில் முக்கியம். வெளியிடும் கட்டாயம் சின்ன விஷயம் போலத் தெரியும். 2015-இல் பெயர் சொல்லாத கிளப்புகளுடன் உச்சவரம்பு குறித்து லீக் ரகசிய உடன்பாடு செய்துகொண்டதை நினைத்தால் அது சின்னதில்லை. அன்றே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருந்தால் 2016-17 கணக்கை யாரும் அவ்வளவு துணிச்சலாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் கணிப்பு.

சாரசென்ஸ் இரண்டாம் நிலை லீக்கில் 2021 மார்ச்சில் தன் முதல் ஆட்டத்தையே கார்னிஷ் பைரேட்ஸிடம் 25-17 எனத் தோற்றது. ஜூனில் ஈலிங்குடன் இரண்டு கட்ட இறுதியில் 60-0, 57-15 என வென்று பிரீமியர்ஷிப்புக்குத் திரும்பியது.